மஞ்சள், மீன் எண்ணெய் ஆய்வுக்குப் பெயர் கொடுக்கும் முன்

அழற்சியை, அதாவது உடலுக்குள் வரும் வீக்கத்தைக் குறைக்கும் உணவு பற்றிய ஆய்வுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஆய்வென்றால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் இருக்கும். பல்கலைக்கழகத்துக்குத் தனிக் குழு உண்டு. மஞ்சள் மாத்திரையையோ மீன் எண்ணெய் மாத்திரையையோ விலைக்கு வாங்கச் சொன்னால் அது ஆய்வில்லை, வியாபாரம்.

ஒப்புதல் படிவம் மலாயில் மட்டும் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

ரத்தப் பரிசோதனைதான் பலருக்குக் கெட்டுப்போகும் இடம். பார்ப்பது பெரும்பாலும் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி என்ற புரதம். சளிக்காய்ச்சல், பல் வீக்கம், தடுப்பூசி எல்லாமே அதை ஏற்றிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் பொதுவாக அந்த அளவை ஒதுக்கிவிடுவார்கள். முந்தின நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிய உடம்பிலும் அளவு கூடலாம். முடிந்தால் ஓய்வு நாளுக்கு மறுநாள் போங்கள். பசியாறாமல் வரச் சொன்னால் தே தாரேக்கும் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும்.

ஆய்வுக்காக நீங்கள் எழுதும் உணவுக் குறிப்பில் 'கொஞ்சம் சோறு' என்று எழுதினால் பயனில்லை. எந்தக் கரண்டியில் எத்தனை கரண்டி, குழம்பில் தேங்காய்ப்பால் உண்டா என்று எழுதுங்கள். கடையில் தாப்பாவ் செய்த மீ கோரெங்கும் கணக்குதான்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. மஞ்சள் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். ஆய்வுக்காகச் சொந்த மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.