3 வுட் மோகமும் மற்ற தவறுகளும்: ஃபேர்வே வுட் வாங்கும்போதும் அடிக்கும்போதும்

புதிதாக கால்ஃப் செட் சேர்க்கிறவர், டீ என்கிற சின்ன முளையில் பந்தை வைத்து முதல் அடி அடிக்கிற டிரைவரை வாங்கிய கையோடு அடுத்துக் கேட்பது 3 வுட். ஃபேர்வே என்கிற வெட்டிய புல்தரையிலிருந்து தூரமாக அடிக்க உதவுகிற ஃபேர்வே வுட் வகையில் ஒன்று அது. ஏன் 3 என்று கடைக்காரரும் கேட்பதில்லை, கூட ஆடுகிற நண்பரும் கேட்பதில்லை. டிரைவருக்கு அடுத்து அதுதான் என்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அதனால்தான் வார இறுதியில் ஆடுகிற பலருடைய பையில் ஒரு 3 வுட், உறை கழற்றப்படாமலே பதினெட்டு குழியும் சுற்றி வருகிறது. எப்போதாவது வெளியே எடுத்தால் பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் ஓடுகிறது. பிறகு அந்த ஆட்டம் முழுக்க அதைத் தொடத் துணிவு வருவதில்லை.

இந்தக் கிளப்பில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து வாங்குகிறோம். தரையில் கிடக்கிற பந்தை எழுப்புமா என்று பார்ப்பதில்லை.

லாஃப்டைக் கண்டு பயப்படுவது

வழக்கமான 3 வுட்டின் லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு, 15 டிகிரி, நீளம் சுமார் 43 அங்குலம். 5 வுட் 18 டிகிரி, 7 வுட் 21 டிகிரி. எண் கூடக் கூட ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். லாஃப்ட் குறைந்தால் தூரம் கூடும் என்பது காகிதத்தில் சரி. ஆனால் டீ இல்லாமல், புல்லோடு ஒட்டிக் கிடக்கிற பந்தை 15 டிகிரி முகத்தால் மேலே அனுப்ப வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லையென்றால் பந்து தாழ்வாகக் கிளம்பி, போதிய சுழற்சியும் இல்லாமல் சீக்கிரமே தரையில் விழுந்துவிடும்.

பந்து பறப்பதை அளக்கிற கருவிகளைச் செய்கிற ட்ராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட சராசரிகளைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆண்கள் 3 வுட்டைக் காற்றிலேயே 243 யார்டு அனுப்புகிறார்கள், 5 வுட்டை 230 யார்டு. வித்தியாசம் 13 யார்டு. பெண்களுக்கான தொடரான எல்பிஜிஏ ஆட்டக்காரர்களுக்கு அதே இரண்டும் 195, 185. வித்தியாசம் 10 யார்டுதான். இவர்கள் எல்லாரும் நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், முகத்தின் நடுவில் அடிக்கிறவர்கள். வேகம் குறையக் குறைய இந்த இடைவெளியும் சுருங்குகிறது. டிரைவரையே மணிக்கு 85 மைல் வேகத்தில் சுழற்றுகிற ஒருவருக்கு, தரையிலிருந்து அடிக்கும்போது 3 வுட்டுக்கும் 5 வுட்டுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பல நாட்களில் 5 வுட்தான் முன்னால் போய் விழும். ஏனென்றால் அது எழுகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 1935-இல் இருக்கிறது. இன்று மாஸ்டர்ஸ் எனப்படும் போட்டி, அகஸ்டா மைதானத்தில் கடைசிச் சுற்று, பார் 5 ஆன (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய) 15-வது குழி. ஜீன் சரசன், கிரேக் வுட் என்ற ஆட்டக்காரரைவிட மூன்று ஸ்ட்ரோக் (அடி) பின்னால். கொடிக்கு ஏறத்தாழ 235 யார்டு, நடுவில் தண்ணீர். தூரத்தை மட்டும் பார்த்தால் 3 வுட் எடுத்திருக்க வேண்டும். ஆனால் பந்து புல்லில் நெருக்கமாகப் படிந்து கிடந்தது. 3 வுட்டால் அதை எழுப்ப முடியாது என்று 4 வுட்டை எடுத்தார். பந்து நேராகக் குழிக்குள் போய் ஆல்பட்ராஸ் ஆனது, அதாவது பாரைவிட மூன்று அடி குறைவு. ஒரே அடியில் சமநிலைக்கு வந்து, மறுநாள் சமநிலையை முறிக்க நடந்த 36 குழி பிளே ஆஃபில் வென்றார். எல்லாரும் அந்த ஆல்பட்ராஸைப் பேசுவார்கள். பந்து கிடந்த விதத்தைப் பார்த்து ஒரு எண் மேலே போனாரே, அதுதான் நமக்குப் பாடம்.

எதிர்ப்பக்கம் ஹென்ரிக் ஸ்டென்சனைக் காட்டுவார்கள். 13 டிகிரி 3 வுட்டை வருடக்கணக்கில் விடாமல் வைத்திருந்தவர். 2016 பிரிட்டிஷ் ஓப்பனில் ராயல் ட்ரூன் மைதானத்தில் கடைசி நாள் 63 அடித்து வென்றவர். சரி, அவருடைய வேகமும் அவர் பந்தைத் தொடுகிற சுத்தமும் இருந்தால் தாராளமாக 13 டிகிரி வாங்குங்கள். மற்றவர்களுக்கு என் யோசனை இதுதான்: டீயிலிருந்து அடிக்க டிரைவர் இருக்கிறது, தரையிலிருந்து அடிக்க 5 வுட் போதும். 3 வுட்டே இல்லாமல் ஆடலாம். அந்த இடத்தில் ஒன்று வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் 16.5 டிகிரியில் 4 வுட் கிடைக்கிறது. சில நிறுவனங்கள் அதையே 3 எச்எல் என்று விற்கின்றன.

இன்னொரு விஷயம். கொடைக்கானல், ஊட்டி போன்ற உயரமான இடங்களில் ஆடிவிட்டு வந்தவர்கள் அங்கே 3 வுட் பிரமாதமாகப் போனது என்பார்கள். 2000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு, பந்தை இழுக்கிற தடையும் குறைவு, அதனால் தூரம் கூடும். ஆனால் அதே காரணத்தால் பந்தைத் தூக்கிப் பிடிக்கிற விசையும் குறைகிறது. ஏற்கெனவே தாழ்வாக அடிக்கிறவருக்கு மலையில் அது இன்னும் தாழ்வாகத்தான் போகும். அங்கே கிடைத்த தூரத்தை நம்பி சமவெளியில் கிளப் தேர்ந்தெடுப்பது சரிவராது.

கடை விரிப்பில் சோதித்து ஏமாறுவது

கடையில் சிமுலேட்டர் முன்னால் ஒரு மேட், அதாவது செயற்கைப் புல் விரிப்பு, இருக்கும். அதன் மேல் பந்தை வைத்து அடித்துப் பார்த்துப் பணம் கட்டிவிடுவோம். இந்த விரிப்பின் குணம் என்னவென்றால், பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தொட்டாலும் கிளப்பின் அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு வந்து பந்தை நன்றாகவே அடித்துவிடும். திரையில் எண்கள் அழகாக வரும். அதே அடியை நிஜப் புல்தரையில் அடித்தால் கிளப் மண்ணில் இறங்கி, பந்து பாதி தூரம்கூடப் போகாது. இன்னும் மோசம், சிலர் கடையில் சின்ன ரப்பர் டீயில் வைத்து அடித்துப் பார்ப்பது. அப்படிச் சோதித்தால் எந்த 3 வுட்டும் நல்ல 3 வுட்தான்.

டெமோ கிளப் கிடைத்தால் மைதானத்துக்கோ, புல்லிலிருந்து அடிக்க விடுகிற பயிற்சி ரேஞ்சுக்கோ கொண்டுபோங்கள். சீராக வெட்டிய, கொஞ்சம் கட்டாந்தரையான இடமாகப் பார்த்து அடியுங்கள். சிறந்த அடி எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டாம். சுமாராகத் தொட்ட அடி எங்கே விழுந்தது என்று பாருங்கள். மைதானத்தில் உங்களுக்கு அதிகம் வரப்போவது அதுதான்.

இதோடு சேர்ந்த தவறு, தலையின் வடிவத்தைக் கவனிக்காதது. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். தரையில் இருக்கும் பந்தின் மையம் தரையிலிருந்து சுமார் 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் புல்லிலிருந்து அடிக்கும்போது பந்து முகத்தின் கீழ்ப்பகுதியில்தான் படும். உயரமான முகம் கொண்ட பெரிய தலைகளில் எடையின் மையமும் மேலே ஏறியிருக்கும். பந்து அதற்குக் கீழே பட்டால் வேகம் குறையும். டீயிலிருந்து அடிக்க இந்தப் பெரிய தலைகள் அருமை. பார்க்கவும் குட்டி டிரைவர் மாதிரி தைரியம் தரும். தரையிலிருந்து அடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முகம் உயரம் குறைவாக, எடை அடியில் இருக்கிற மாடலே நல்லது. ‘டூர்’, ‘எல்எஸ்’ என்று பெயரோடு ஒட்டியிருந்தால் சுழற்சியைக் குறைக்கச் செய்தது என்று அர்த்தம். நம்மில் பலருக்குச் சுழற்சி குறையத் தேவையே இல்லை.

பந்தைத் தூக்கிவிட முயல்வது

அடிக்கும்போது நடக்கிற தவறுகளில் இதுதான் பெரியது. முகத்தில் லாஃப்ட் குறைவாகத் தெரிவதால், நாம் கொஞ்சம் உதவி செய்தால்தான் எழும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. வலதுகைக்காரர் என்றால் எடை வலது காலிலேயே தங்கிவிடும், மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்து கிளப்பின் தலை மேல்நோக்கி வர ஆரம்பித்துவிடும். விளைவு இரண்டில் ஒன்று. பந்துக்குப் பின்னால் மண்ணில் பதியும், அல்லது பந்தின் தலையில் பட்டு உருண்டு ஓடும். பார்க்க இரண்டும் வேறு வேறு, ஆனால் காரணம் ஒன்றே. கிளப் சுழன்று வந்து தரையைத் தொடுகிற இடம் பந்துக்குப் பின்னால் போய்விட்டது.

டிரைவர் மாதிரி மேல்நோக்கி அடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அதே டூர் சராசரியில் ஒரு பதில் இருக்கிறது. பிஜிஏ டூர் ஆண்கள் 3 வுட்டை ஏறத்தாழ 3 டிகிரி கீழ்நோக்கி அடிக்கிறார்கள். பெண்கள் டிரைவரை மேல்நோக்கி அடித்தாலும் 3 வுட் என்று வரும்போது சற்றே கீழ்நோக்கித்தான் வருகிறார்கள். அதற்காக இரும்புக் கிளப் மாதிரி புல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டியதில்லை. புல்லின் நுனியைக் கிளப் சரசரவென்று உரசிப் போனால் போதும். பந்து இல்லாமல் பயிற்சிக்குச் சுழற்றும்போது அந்தச் சத்தம் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். பந்து இருக்கப்போகிற இடத்திலோ அதற்குச் சற்று முன்னாலோ கேட்க வேண்டும்.

பந்தை எங்கே வைப்பது என்பதில் குழப்பம் நிறைய. டிரைவர் மாதிரி முன்கால் குதிகாலுக்கு நேரே வைத்தால் தரையிலிருந்து அடிப்பது கடினம். நடுவில் வைத்தால் பந்து இன்னும் தாழ்வாகப் போகும். முன்குதிகாலுக்கு இரண்டு அங்குலம் உள்ளே என்று ஆரம்பித்து உங்களுக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்குவதும் நல்ல வழி. தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் பந்து முகத்தின் நடுவில் படுகிற வாய்ப்பு கூடும். பதற்றமான இடங்களில் நான் இதைத்தான் செய்வேன்.

டீயிலிருந்து ஃபேர்வே வுட் அடிக்கும்போது டிரைவருக்கு வைக்கிற உயரத்திலேயே டீயை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பந்து செங்குத்தாக மேலே போய்ப் பக்கத்திலேயே விழும், தலையின் மேல் பெயின்ட்டில் வெள்ளைத் தழும்பும் விழும். பந்து புல்லுக்குச் சற்று மேலே நின்றால் போதும், அரை அங்குலத்துக்குள்.

எடுக்கக் கூடாத இடத்தில் எடுப்பது

பார் 5 குழியில் நல்ல டிரைவ். குழி இருக்கிற மென்புல் தளமான கிரீனுக்கு இன்னும் 230 யார்டு. கை தானாகவே ஃபேர்வே வுட் பக்கம் போகும். உங்கள் 3 வுட் காற்றில் 190 யார்டுதான் போகிறது என்றால் அந்த அடியில் என்ன லாபம்? 40 யார்டு மிச்சம் வைப்பதைவிட, ஓர் இரும்புக் கிளப்பை அடித்து உங்களுக்குப் பிடித்த 90 யார்டு மிச்சம் வைப்பது பலருக்கு நல்லது. பை சுமந்து கூட வருகிற கேடி தயங்கினால் கேளுங்கள். அந்தக் குழியில் அவர் உங்களைப் போல் நிறையப் பேரைப் பார்த்திருப்பார்.

இறங்குசரிவில் பந்து கிடந்தால் சரிவு அளவுக்கு லாஃப்ட் குறைந்துவிடும். 5 டிகிரி சரிவில் 15 டிகிரி கிளப் ஏறத்தாழ 10 டிகிரி ஆகிவிடுகிறது. தரையிலிருந்து டிரைவர் அடிப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஃபேர்வேக்கு வெளியே வளர்ந்து கிடக்கிற அடர்ந்த ரஃபில், குறிப்பாக வெயில் ஊர்களின் முரட்டுப் பெர்முடா புல்லில், கிளப்பின் கழுத்தைப் புல் சுற்றிப் பிடித்து முகத்தை மூடிவிடும். அங்கே 7 வுட் வரைக்கும் யோசிக்கலாம், அதைவிடக் குறைந்த எண் வேண்டாம். மணல் பள்ளமான ஃபேர்வே பங்கரில் விளிம்பு உயரம் அதிகமென்றால் யோசிக்கவே வேண்டாம்.

7 வுட் என்றதும் அது வயதானவர்களுக்கு என்று ஒதுக்குகிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2020 மாஸ்டர்ஸை 20 அண்டரில் (பாரைவிட 20 அடி குறைவாக), 268 என்ற சாதனை ஸ்கோரோடு வென்ற டஸ்டின் ஜான்சனின் பையில் 7 வுட் இருந்தது. அதே லாஃப்டில் உள்ள ஹைபிரிட்டைவிட (வுட்டும் இரும்பும் கலந்த கிளப்) அது உயரமாகப் போய், செங்குத்தாக இறங்கி, கிரீனில் சீக்கிரம் நிற்கும். ஹைபிரிட் குட்டை, ரஃபில் கெட்டி, காற்றில் தாழ்வு. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே தூரத்துக்கு இரண்டு கிளப் சுமக்கிறவர்கள் அதிகம். பையில் அதிகபட்சம் 14 கிளப்தான் என்பது விதி. ஒவ்வொன்றும் காற்றில் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதிப் பாருங்கள். பத்து யார்டுக்குள் இரண்டு இருந்தால் ஒன்றை வீட்டில் வைத்துவிடலாம்.

ஷாஃப்டும் திருகாணியும்

டிரைவருக்கு வாங்கிய ஷாஃப்டை வெட்டி ஃபேர்வே வுட்டில் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. இரண்டுக்கும் நுனி அளவு பெரும்பாலும் 0.335 அங்குலம் என்பதால் பொருந்தும். ஆனால் ஃபேர்வே வுட்டுக்கு டிரைவரைவிடக் கொஞ்சம் கனமான ஷாஃப்ட் போடுவதுதான் வழக்கம், பத்து கிராம் பக்கம் கூடுதலாக. லேசான ஷாஃப்டில் வேகம் வரலாம், தரையைத் தொடுகிற இடம்தான் ஒவ்வொரு முறையும் மாறும்.

கழுத்தைத் திருகி லாஃப்ட் மாற்றுகிற வசதியில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான், தூரத்துக்காக லாஃப்டைக் குறைப்பது. பெரும்பாலான மாடல்களில் லாஃப்டைக் குறைத்தால் தரையில் வைக்கும்போது முகம் கொஞ்சம் திறக்கும், கூட்டினால் மூடும். ஏற்கெனவே வலப்பக்கம் வளைத்து அடிக்கிறவர் லாஃப்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டித்தான் பார்க்க வேண்டும். அதையும் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். சுற்றின் நடுவில் அமைப்பை மாற்றி அந்தக் கிளப்பால் ஓர் அடி அடித்துவிட்டால், கால்ஃப் விதிப்படி தகுதியிழப்பு.

பழைய கிளப் வாங்குவதில் தப்பில்லை, ஃபேர்வே வுட் அவ்வளவு சீக்கிரம் காலாவதியாகாது. தலையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் வேண்டாம். முகமும் மேல்பகுதியும் சேர்கிற ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம்ப முடியாத விலைக்குப் புதிது கிடைத்தால் போலியாக இருக்கலாம், வரிசை எண்ணைச் சரிபாருங்கள். திருகாணியைத் திருப்புகிற சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விற்கிறவர்கள் அதைத் தர மறந்துவிடுவார்கள்.