வெள்ள நிவாரணம்: கணக்கெடுப்பில் உங்கள் இழப்பை விடுபடாமல் பதிவு செய்ய

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் சுற்றுவட்டாரமே தண்ணீரில் மூழ்கியது. அப்போது அரசுப் பணம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து வழங்கிய ரொக்கம்: கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய். அட்டை இருந்தால் அது பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். இன்னொன்று வீடு, பயிர், கால்நடை, படகு ஆகியவற்றுக்கான இழப்புத்தொகை. இது தானாக வராது. கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) எடுக்கும் கணக்கில் உங்கள் பெயரும் சரியான அளவும் ஏறினால்தான் வரும். இனி சொல்லப்போவது இந்த இரண்டாவது பணத்தைப் பற்றி.

தொகை எங்கிருந்து வருகிறது

இதற்கு அடிப்படை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் இதில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. எந்த இழப்புக்கு எவ்வளவு என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்திருக்கிறது. கீழே வரும் தொகைகள் 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்தவை. மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டிக் கொடுக்கலாம். உயிரிழப்புக்கு மத்திய விதிப்படி 4 லட்சம். 2023 வெள்ளத்தில் தமிழ்நாடு 5 லட்சம் அறிவித்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தனி அரசாணை வரும். அந்த அரசாணையின் நகலை ஊரில் ஒருவராவது கையில் வைத்திருக்க வேண்டும். "அப்படி எதுவும் இல்லை" என்று அலுவலகத்தில் சொல்லும்போது வாதாட வேண்டியதில்லை, தாளை நீட்டினால் போதும்.

சுத்தம் செய்யும் முன்

தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டத்தான் கை பரபரக்கும். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அதன் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து, கதவு எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். செல்போனில் தேதியும் இருப்பிடமும் பதிவாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளும் தண்ணீர் நின்றால் மறுபடி ஒரு படம் எடுங்கள். இடிந்து விழாத வீட்டிலும் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால், துணிமணிக்குக் குடும்பத்துக்கு 2,500, பாத்திரம் பண்டங்களுக்கு 2,500 உண்டு. தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஒரே நாளில் வடிந்துவிட்டால் இந்தத் தலைப்பில் பணம் கிடையாது.

வீடு

முழுச்சேதத்துக்குச் சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. பகுதிச்சேதம் என்றால் காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. அதற்கும் குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். குடிசைக்கு 8,000. வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்கு 3,000. 'முழு', 'பகுதி' என்ற ஒரு சொல்லில் ஒரு லட்சத்துக்கு மேல் தொகை மாறுகிறது. அதனால் படிவத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதை அங்கேயே நின்று பாருங்கள்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் மண்சுவர். ஊறிய மண்சுவர் வெள்ளத்தின்போது நிற்கும். வெயில் அடித்து ஒரு பக்கம் காயக் காய, அடிப்பாகம் பிளந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து விழும். அதற்குள் கணக்கெடுப்பு முடிந்து, 'பகுதிச்சேதம்' என்று எழுதியிருப்பார்கள். சுவர் விழுந்த அன்றே படத்துடன் தாசில்தாருக்கு மறு ஆய்வு மனு கொடுங்கள். முதல் படத்தில் விரிசலும் நீர்க்கோடும் இருந்தால், வெள்ளத்தால்தான் விழுந்தது என்பதை மறுக்க முடியாது.

விதிப்படி வீடு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஆற்றோரப் புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் தட்டிக்கழிப்பார்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, அந்த முகவரியில் உள்ள ரேஷன் அட்டை ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள். வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களில் இவர்கள்தான் முதல் வரிசை. விஏஓ கைவிரித்தால் அங்கேயே நின்றுவிடாமல் மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும்.

பயிர்

33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் இடுபொருள் மானியம் உண்டு. ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிர் என்றால் 8,500, பாசனப் பயிர் 17,000, பல்லாண்டுப் பயிர் 22,500. எவ்வளவு நிலம் இருந்தாலும் 2 ஹெக்டேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 4.94 ஏக்கருக்குத்தான் கணக்கு. பாசனப் பயிருக்கு ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 6,880 ரூபாய் வரும்.

வருவாய்த் துறையும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து கூட்டு ஆய்வு நடத்தும். ஆய்வு நாளில் வயலில் நில்லுங்கள். கையில் இருக்க வேண்டியவை: சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் (வயலில் என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள். நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: சர்வே எண் உட்பிரிவோடு இருக்கிறதா, பரப்பு சரியா, பயிரின் பெயர் சரியா, பாசனமா மானாவாரியா. ஆற்றுக்கால் பாசனத்தில் நிற்கும் பயிரை மானாவாரிக் கட்டத்தில் எழுதிவிட்டால் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய் போய்விடும். அடங்கலில் போன பருவத்துப் பயிர் அப்படியே இருந்தால், விதை அல்லது உரம் வாங்கிய ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருப்பதும் அன்றாடச் சிக்கல்தான். வாரிசுச் சான்றிதழும் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதமும் இருந்தால் வேலை நடக்கும். குத்தகைக்காரர் விஏஓவிடம் சாகுபடிச் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பணம் நில உரிமையாளரின் கணக்குக்குப் போய்விடும். அதன்பிறகு கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது குத்தகை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வயலில் ஆற்று மணல் மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 உண்டு. இது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும். ஆய்வுக்கு முன் மணலை அள்ளிவிடாதீர்கள். வயலின் நான்கைந்து இடங்களில் குழி பறித்து, உள்ளே அளவுகோலை நிறுத்திப் படம் எடுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் சராசரியை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். ஆறே போக்கை மாற்றி நிலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தால் ஹெக்டேருக்கு 47,000.

பயிர்க் காப்பீடு இதிலிருந்து தனி. ஒன்றுக்கு மனுக் கொடுத்தால் மற்றதற்குக் கொடுத்ததாகாது. காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. நெல் வயல் மூழ்கினால் தனி வயல் அடிப்படையில் இழப்பீடு தருவது 2018-இல் நிறுத்தப்பட்டது. 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) பருவத்திலிருந்து அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது.

ஆடு, மாடு, கோழி

பசு, எருமைக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கறவை மாடு மூன்று, ஆடு முப்பது வரைதான் ஒரு குடும்பத்துக்குக் கணக்கு. கோழிக்கு மொத்தம் 10,000 வரை. செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் முன் புதைக்காதீர்கள். பாதை துண்டித்து அவர் வர முடியாவிட்டால், காதுவில்லையின் 12 இலக்க எண் தெளிவாகத் தெரியும்படியும் முழு உடலும் தெரியும்படியும் படம் எடுத்து, விஏஓவை வைத்து எழுதி வாங்கியபின் புதையுங்கள். அடித்துக்கொண்டு போன மாட்டுக்கு உடல் இருக்காது. அப்போது பால் சங்கத்தின் பால் அட்டை, சினை ஊசி போட்ட பதிவு போன்றவை உங்களிடம் மாடு இருந்ததைக் காட்டும்.

பணம் வராமல் நிற்கும் இடங்கள்

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராவிட்டால், காரணம் அநேகமாக வங்கிக் கணக்கு. ஆதார் வேறொரு பழைய கணக்கோடு இணைந்திருக்கும்; நூறு நாள் வேலைக்காகத் திறந்து மறந்த கணக்கில் பணம் விழுந்திருக்கும். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு என்றால், வங்கிக்கு நேரில் போய் அடையாள ஆவணம் கொடுத்து உயிர்ப்பியுங்கள். பொதுத்துறை வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருக்கலாம். பழைய புத்தகத்தின் நகலைக் கொடுக்காதீர்கள்.

பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் வாய்ப்பேச்சு உதவாது. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வரிசை இதுதான்: விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார், பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே தரும் மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஊர் முழுக்க விடுபட்டிருந்தால் தனித்தனியாக அலையாமல், சர்வே எண், பெயர், இழப்பு, பரப்பு என்று ஒரே அட்டவணை போட்டு, ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு கொடுங்கள். அலுவலகத்தில் அதை அப்படியே சரிபார்க்க முடியும். அதற்கும் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கிராமத்தின் பயனாளிகள் பட்டியலையும் கூட்டு ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கையில் பட்டியல் வந்ததும், அடுத்த மனுவில் "எனக்கு வரவில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பக்கத்தில் எந்த சர்வே எண் விடுபட்டது என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.