தல்துவே சோமராம: ஒரு கொலையாளியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டெம்பர் 25 காலை, கொழும்பு ரொஸ்மிட் பிளேசில் தன் வீட்டு விறாந்தையில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். சுட்டவர் தல்துவே சோமராம தேரர். திருகோணமலையில் இருந்துகொண்டு, பாடசாலை ஒப்படைக்கோ வளாக ஆய்வுக்கோ அவரைப் பற்றி எழுதுபவர்களுக்கான வழிமுறை இது.

காரணத்தை முதலில் எழுதாதீர்கள். எங்கள் பக்கம் அதிகம் சறுக்குவது இங்கேதான். தமிழரசுக் கட்சி 1956 ஆகஸ்டில் திருமலையில் மாநாடு கூட்டியது, 1957 ஜூலையில் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்தது, 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு முன் குந்தியிருக்க ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இந்த வரிசை மனதில் இருப்பதால், "ஒப்பந்தத்துக்காகச் சுட்டார்" என்று கை தானாக எழுதிவிடும். அப்படி எழுதினால் கேள்வி கேட்கிறவருக்குப் பதில் இராது, ஏனென்றால் 1958 லேயே ஒப்பந்தம் போய்விட்டது. வழக்கில் அரச தரப்பு முன்வைத்தது வேறு: களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரரும் வர்த்தகர் எச்.பி. ஜயவர்தனவும் எதிர்பார்த்த கப்பல், சீனித் தொழில் சலுகைகள் கிடைக்காத ஆத்திரம். அதையும் "அரச தரப்பு கூறியது" என்றே எழுதுங்கள்.

அடுத்தது பெயர். பிக்குவின் பெயரில் முதற்சொல் ஊர். தல்துவே, மாப்பிட்டிகம இரண்டும் ஊர்ப்பெயர்கள். துறவறத்துக்கு முந்திய இயற்பெயர் வேறாக இருக்கும், பிறப்புப் பதிவைத் தேடுவதானால் அதைத்தான் தேட வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளில் சோமராம, சோமாராம என்று எழுத்து மாறும், எல்லா வடிவத்திலும் பாருங்கள்.

தீர்ப்புத்தான் முதுகெலும்பு. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' என்ற இலங்கைத் தீர்ப்புத் திரட்டின் 63ஆம் தொகுதியில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கும். இதில் பெயரை மட்டும் தேடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுவார்கள், ஏனென்றால் பல இடங்களில் அவர் "4ஆம் எதிரி", அதாவது நான்காவது குற்றஞ்சாட்டப்பட்டவர், மட்டுமே. மஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும், விசாரணையில் கூண்டிலிருந்து சுட்டதை மறுத்துச் சொன்னதையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். ஒன்றை மட்டும் எடுத்து வாழ்க்கைக் கதை கட்டினால் குறிப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்று நிரலாகப் பிரியுங்கள்: திகதி, செய்தி, சொன்னவர். மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும் வரி குறிப்பில் ஏறக் கூடாது. உதாரணத்துக்கு, அவர் பொரளை ஆயுர்வேதக் கல்லூரியில் கண் வைத்தியம் கற்பித்தவர் என்ற செய்தி அவருக்கு விறாந்தை வரை எப்படி வழி கிடைத்தது என்பதை விளக்கும், ஆகவே அதற்கு நல்ல ஆதாரம் வேண்டும். நகரத்து மூத்தவர்களிடம் அன்றைய நாளைப் பற்றிக் கேட்பது நல்லதே. 1957 ஒக்டோபரில் திருமலைக் கடற்படைத் தளத்தை பிரித்தானியர் கைவிட்டதை நினைவில் வைத்திருப்போர் பண்டாரநாயக்கவைப் பற்றியும் சொல்வார்கள். அந்தப் பேச்சு, செய்தி இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்று. கொலைக்கு அது சான்றாகாது.

பழைய பத்திரிகைகளுக்கு முதலில் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளம், பிறகு கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களம். இரவு பஸ்ஸில் போவதானால் அடையாள அட்டை, பென்சில், தேடவேண்டிய திகதிகளின் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். 1959 செப்டெம்பர் 26 முதல் ஒக்டோபர் வரையும், 1961 விசாரணை மாதங்களும், 1962 ஜூலை முதல் வாரமும் போதும்.

தண்டனைப் பகுதியைக் கவனமாக எழுதுங்கள். மரண தண்டனை அப்போது ஒரு சட்டத்தால் இடைநிறுத்தப்பட்டிருந்தது. கொலைக்குப் பின் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதை நீக்க வந்த புதிய சட்டம் கொலைக் குற்றத்துக்குப் பின்னோக்கிப் பொருந்தியது, சதிக் குற்றத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே சதிக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றிருந்த புத்தரக்கித்த, ஜயவர்தன இருவருக்கும் மேன்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. சோமராம 1962 ஜூலை 6 இல் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார், அதற்கு முன் கிறிஸ்தவராக மாறியிருந்தார். மதமாற்றத்தை ஒரு வரியோடு நிறுத்துங்கள், அதற்கான காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம்.