பழைய கியர் ஸ்கூட்டரை வாங்கித் தினமும் ஓட்ட

எஞ்சின் ஓடாத பஜாஜ் சேத்தக்கைத் தைரியமாக வாங்கலாம். தரைத்தகடு துருப்பிடித்ததை, எவ்வளவு பளபளவென்று இருந்தாலும், வாங்க வேண்டாம். இத்தாலிய வெஸ்பாவின் வழியில் வந்த சேத்தக், எல்.எம்.எல். இரண்டுக்கும் தனியாக ஃபிரேம் கிடையாது, பாடிதான் சேசிஸ். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், ஆயில் சீல் எல்லாம் ஊர் ஸ்பேர் கடைகளில் இன்றும் தேடிப் பிடிக்கலாம். அரித்துப்போன தரையை ஒழுங்காக வெட்டி ஒட்டும் டின்கர் (தகடு வேலைக்காரர்) கிடைப்பதுதான் கஷ்டம்.

பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள். கால் வைக்கும் இடம், பிரேக் பெடலைச் சுற்றி, ஸ்டெப்னிக்குப் பின்னால், ஸ்டாண்டு பிடிக்கும் அடிப்பட்டை என ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. தரை விரிப்பைத் தூக்கிக் காட்ட விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைவிட மங்கிய பெயின்டோடு நிற்பதே நம்பகமானது; அதில் ஒளிக்க எதுவும் இருக்காது.

ஆர்.சி.யை (பதிவுச் சான்று) அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபாருங்கள். சொந்த வாகனப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான ஆர்.சி.யோடு வாங்கினால் பெயர் மாற்றத்துக்கு (படிவம் 29, 30) முன்பே அலைச்சல் தொடங்கிவிடும். 50 வயது கடந்த வண்டிக்கு 2021 முதல் 'விண்டேஜ்' பதிவு உண்டு. அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை என்பதால் அலுவலகம் போய்வர அது உதவாது.

பெட்ரோலும் ஆயிலும்

இந்த வண்டிகளின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு ஆயில் போவது பெட்ரோலோடு கலந்துதான். கணக்கு 2 விழுக்காடு: லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100 மி.லி. டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று தரக்குறி போட்ட 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலே போதும். பங்க்கில் முதலில் ஆயிலை ஊற்றிவிட்டு அதன்மேல் பெட்ரோல் போடச் சொல்லுங்கள். விழும் வேகத்தில் தானே கலந்துவிடும். பெட்ரோலுக்கு மேல் ஊற்றினால் ஆயில் அடியில் இறங்கித் தங்கும். முதல் சில கிலோமீட்டர் புகையாகத் தள்ளி பிளக்கைக் கரியாக்கும், அப்புறம் வரும் பெட்ரோலில் ஆயிலே இருக்காது. 'கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது' என்பதும் தப்பு. பிளக் அடைக்கும், சைலன்சரில் கரி ஏறும், வண்டி இழுக்காது. போர் போட்ட (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்ட) புதிதில் மட்டும், முதல் 500 கி.மீ. வரை, லிட்டருக்கு 30 மி.லி. ஊற்றி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய பெட்ரோல் டியூப் இறுகி வெடிக்கும், கார்புரேட்டர் நீடிலின் ரப்பர் முனை ஊறும், எத்தனால் இழுத்த ஈரம் டேங்க்கைத் துருவாக்கும். டியூபை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக் முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. புது பிளக் வாங்கும்போது மரை நீளத்தைப் பழையதோடு வைத்துப் பாருங்கள். நீளம் கூடினால் பிஸ்டன் போய் முட்டும்.

ஓட்டும்போது

எஞ்சின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி லேசாக வலப்பக்கம் சாயப் பார்க்கும்; ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். கியர் மாற்றுவது இடக்கைப் பிடியைத் திருப்பித்தான்: கிளட்ச் லீவர் மேல்நோக்கித் திரும்பினால் முதல் கியர், அடுத்து நியூட்ரல், கீழே இறக்க இறக்க இரண்டு, மூன்று, நான்கு. இரண்டாவது கியர் இழுக்கும்போது 'டக்'கென்று கழன்றால் முதலில் இரண்டு கியர் கேபிளையும் இறுக்கிப் பாருங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் உள்ளே கியர் கிராஸ் (கியரைப் பிடிக்கும் சிலுவை வடிவத் துண்டு) தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும்.

காற்று முன்னால் 18, பின்னால் தனியாகப் போனால் 25, இருவர் என்றால் 36 பி.எஸ்.ஐ. காற்று பிடிப்பவர் இரண்டு சக்கரத்துக்கும் 30 அடித்துவிடுவார். பிறகு 10 அங்குல முன்சக்கரம் ஒவ்வொரு சின்னப் பள்ளத்திலும் துள்ளும். இரண்டுமே டிரம் பிரேக். முன்னால் போகும் பைக்கில் டிஸ்க் இருந்தால் அது நிற்கும் தூரத்தில் நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடோ, 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையோ போகலாம். ஏறுவதில் பிரச்சினை இல்லை. கவனம் இறங்கும்போதுதான் வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு கியரில் இறங்கினால் எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும், பெட்ரோல் போகாது, கூடவே ஆயிலும் போகாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். எங்கே ஓட்டினாலும் சட்டென்று இழுவை குறைந்து கீச்சென்று சத்தம் வந்தால் அந்த நொடியே கிளட்சைப் பிடியுங்கள். தாமதித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு சீல்

மெக்கானிக்குகள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டும் பல கோளாறுகளுக்கு உண்மையான காரணம் கிராங்க்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) இரு முனையிலும் உள்ள ஆயில் சீல்கள். மேக்னெட் பக்கச் சீல் போனால் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் இரைந்துகொண்டே இருக்கும். அப்படியே ஓட்டினால் சூடேறி ஜாம் ஆகும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் எரியும்: 2டி ஆயிலைக் குறைத்தாலும் வெண்புகை நிற்காது, கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். வண்டி ஆண்டுக்கணக்கில் கிடந்தது என்றால் இரண்டு சீலையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள், ரப்பர் காய்ந்திருக்கும்.

கியர் ஆயில் எஸ்.ஏ.இ. 30, கிட்டத்தட்ட 250 மி.லி., 5,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஊற்றும் துளையில் வழிய ஆரம்பித்தால் போதும். 90 நம்பர் ஆயில் வேண்டாம். கிளட்சும் இதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்கும்.

டிக்கியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், 13 மி.மீ. ஸ்பேனர், 100 மி.லி. 2டி ஆயில் எப்போதும் இருக்கட்டும். பஞ்சரானால் ஸ்டெப்னியை முன்னாலும் மாட்டலாம், பின்னாலும் மாட்டலாம்; டயர் அளவு ஒன்றுதான், 3.50-10. கழற்றும்போது சக்கரத்தை டிரம்மோடு பிடித்திருக்கும் நட்டுகளை மட்டும் தொடுங்கள். ரிம் இரண்டு பாதியாகச் சேர்ந்தது. அந்தப் பாதிகளை இணைக்கும் நட்டும் அதே அளவில் பக்கத்திலேயே இருக்கும். டியூபில் காற்று இருக்கும்போது அதைக் கழற்றினால் ரிம் கையில் வெடித்துப் பிரியும்.