கடைசி நேரத்தில் செவில்லா: அறை கிடைத்த கதை

மார்ச் கடைசியில் திடீரென்று லீவு அமைந்தது, ஆரஞ்சுப் பூ வாசத்துக்காகவே ஸ்பெயினில் இருக்கும் செவில்லா போகலாம் என்று முடிவெடுத்தோம். தேடிப் பார்த்தால் அறை வாடகை வழக்கத்தைவிடப் பல மடங்கு, விமானமும் அப்படியே. காரணம் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், அப்போது ஊர் முழுக்க ஊர்வலம்தான். அது முடிந்து சுமார் 2 வாரத்தில் ஏப்ரல் திருவிழா வந்துவிடும், மறுபடியும் அதே கூட்டம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், லீவை அங்கே தள்ளிப் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விமானத்துக்கு ஸ்பெயினின் இன்னொரு நகரமான மலகாவைத் தேர்ந்தெடுத்தோம், அங்கிருந்து பஸ்ஸில் 3 மணி நேரத்துக்குள் செவில்லா, செலவும் கணிசமாகக் குறைந்தது.

அல்காசார் அரண்மனைக்கு எங்களுக்குத் தோதான நேரத்தில் டிக்கெட் இல்லை. அதற்குப் பதிலாகப் பிலாத்து மாளிகைக்குப் போனோம். முற்றத்துச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேல் பதித்த பச்சை, நீல ஓடுகளை அவசரமில்லாமல் கிட்ட நின்று பார்க்க முடிந்தது, எனக்கு அதுவே நிறைவாக இருந்தது. அப்புறம் பேராலயம். அதன் ஹிரால்தா கோபுரத்தில் ஏறுவதற்குப் படிக்கட்டு கிடையாது, 35 சரிவுப் பாதைகள்தான் (கடைசியில் மட்டும் சில படிகள்), முழங்கால் வலிக்காரர்களும் நிதானமாக ஏறலாம்.

வசந்தத்தில் செவில்லா போக நினைத்தால் முதலில் அந்த வருட ஈஸ்டர் தேதியைப் பாருங்கள், விமானமெல்லாம் அப்புறம்.