பட்டை தெரிந்தால் ஜீன் அடங்கிவிட்டதா? மெத்திலேற்றச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டிப் பக்கத்து ஆய்வுகூடத்துக்கு வரும் புதிய பிள்ளைகள், எங்கள் காலத்தில் எல்லோரும் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். டியூப்பில் பெயர் எழுத மறப்பது போன்றவை தானாகத் திருந்திவிடும். மெத்திலேற்றச் சோதனையில் விடும் மற்றவற்றைச் சொல்கிறேன்.

அரைகுறையாக மாறிய டிஎன்ஏவை நம்புவது

எம்ஜிஎம்டி ஒரு பழுதுபார்க்கும் ஜீன். சிகரெட் புகையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற சில இரசாயனங்கள், டிஎன்ஏவின் குவானின் (ஜி) எழுத்தில் மெத்தில் என்ற சிறு தொகுதியை ஒட்டிவிடும். எம்ஜிஎம்டி புரதம் அதைக் கழற்றித் தன்மேல் ஏற்றிக்கொண்டு, அத்தோடு செயலிழக்கும். ஒரு மூலக்கூறு ஒரு பழுதைத்தான் பார்க்கும். புரமோட்டர் மெத்திலேற்றத்தால், அதாவது ஜீனை இயக்கும் பகுதியிலுள்ள சைட்டோசின் எழுத்துகளில் மெத்தில் ஏறுவதால், ஜீன் அடங்கினால் புதுப் புரதம் வராது. பழுதான குவானின் தைமினோடு சேர்ந்து, ஜி இருந்த இடத்தில் ஏ வந்துவிடும். நுரையீரல் புற்றுநோயில் இந்த மெத்திலேற்றத்தைத் தேடுவது அதனால்தான்.

தேடுவதற்கு பைசல்பைட் என்ற இரசாயனம் வேண்டும். அது சாதாரண சைட்டோசினை யுராசிலாக்கும், மெத்தில் ஏறியதை விட்டுவிடும். ஆனால் ஒற்றை இழையில்தான் வேலை செய்யும். இழைகள் சரியாகப் பிரியாவிட்டாலோ, திறந்து வைத்த கரைசல் காற்றுப்பட்டு ஒக்சிஜனேற்றம் அடைந்தாலோ, சாதாரண சைட்டோசினும் மாறாமல் நிற்கும். அடுத்து டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆருக்கு அதுவும் மெத்திலேற்றம் போலத்தான்.

ஹற்றனிலிருந்து வந்த கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி. பெருக்கிய டிஎன்ஏ ஓடிய ஜெல்லைப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்து, "மிஸ், எல்லாமே பொசிட்டிவ்!" என்று துள்ளினாள். மெத்திலேற்றத்தைக் காட்டும் 'எம்' (M) வரிகள் எல்லாவற்றிலும் 81 எழுத்துச் சோடி நீளப் பட்டை பளிச்சென்று நின்றது. ஓரத்து வரியிலும் நின்றது. அந்த வரி ஆரோக்கியமான ஒருவரின் இரத்த டிஎன்ஏ. அங்கே பட்டை வரவே கூடாது. முதல்நாள் இரவு மழையில் கரண்ட் போய் வந்திருந்தது, இழைகளைப் பிரிக்கச் சூடாக்கும் கட்டம் முழுதாய் முடிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

சோதனையைத் திரும்பச் செய்யலாம்தானே என்பார்கள். செய்ய முடியாது! மூச்சுக்குழாய் வழியே எடுத்த சதைத் துண்டு அரிசி அளவுகூட இருக்காது. மெழுகுக் கட்டியிலிருந்து எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. நோயாளியிடம் இன்னொரு துண்டு கேட்க யாருக்கு மனம் வரும்? இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

எனவே பைசல்பைட்டில் மாறாத டிஎன்ஏவில் மட்டும் ஒட்டும் பிரைமரை (பிசிஆரைத் தொடக்கிவைக்கும் சிறு டிஎன்ஏத் துண்டு) ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்கள். அதில் பட்டை வந்தால் மற்ற ஜெல்லைப் படிக்கவே வேண்டாம். கரைசலைப் புதிதாகக் கரையுங்கள். முதலில் இரத்த டிஎன்ஏவில் சோதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் நோயாளியின் மாதிரியைத் தொடுங்கள்.

வெறும் தண்ணீர் டியூப்

டிஎன்ஏ போடாத இந்த டியூப்பைக் கட்டாயம் வையுங்கள். அதில் பட்டை வந்தால் எங்கோ கலப்பு நடந்திருக்கிறது.

மங்கிய பட்டைக்குப் பெரிய அர்த்தம் கொடுப்பது

இந்த முறை ஆயிரம் பிரதிகளில் ஒன்று மெத்திலேற்றம் பெற்றிருந்தாலும் பிடித்துவிடும். அந்த ஒன்றை வைத்துக் கட்டி முழுவதும் ஜீன் அடங்கியது என்று எழுதாதீர்கள். புற்றுநோய் இல்லாத புகைப்பவர்களின் சளியிலும் இது தெரியும். புரதம் உண்மையிலேயே இல்லையா என்று சாயமிட்டுப் பாருங்கள்.

மூளைக்கட்டி விதியை நுரையீரலுக்குப் பொருத்துவது

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் இந்த மெத்திலேற்றம் டெமோசோலோமைட் என்ற மருந்தின் பலனை முன்கூட்டிச் சொல்லும். நுரையீரலில் மருந்தை இப்படித் தீர்மானிப்பதில்லை.

'புகைப்பீங்களா' என்று மட்டும் கேட்பது

கொழுந்து பறிக்கும் அம்மா 'இல்லை' என்றுதான் சொல்வார். தோட்டத்து லயக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்த வருடங்களை அவர் தானாகச் சொல்லமாட்டார். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டு விறகுப் புகையை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. படிவத்தில் அடுப்புக்கு ஒரு வரி சேருங்கள்: விறகா, காஸா, எத்தனை வருடம், புகைபோக்கி இருந்ததா.