விலை சரியும்போது தேயிலைத் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் நீலகிரித் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்தது. கென்யாவும் வியட்நாமும் போட்டியிடும் உலகச் சந்தையில் சிறு விவசாயி கையில் இருப்பது கொழுந்தின் தரம்தான்.

இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பறியுங்கள். விளைச்சல் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு பறிப்புச் சுற்று. தள்ளிப்போனால் தண்டு முற்றி, தூளில் நார் கலக்கும். சாக்கில் அமுக்கித் திணிக்காதீர்கள். நசுங்கிய கொழுந்து சூடேறி, ஆலை சேருமுன்பே சிவந்துவிடும். மருந்தடித்தால் லேபிளில் சொன்ன இடைவெளி முடிந்தே பறியுங்கள். ஐரோப்பிய நாடுகள் இலையில் தங்கிய மருந்தின் நஞ்செச்சம் பார்த்தே வாங்குகின்றன.

விலை குறைந்ததே என்று யூரியாவைக் கூட்டி எடை தேடாதீர்கள், மண்ணின் புளிப்பு ஏறும். புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே போனால், செடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளை இடுங்கள். அதை யூரியாவோடு சேர்த்து இட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கவாத்துக் கழிவை எரிக்காமல் வரிசை நடுவே பரப்புங்கள். சரிவில் மழை மண்ணை அள்ளாது.